பெருந்தீனி: ஒரு கருப்பு நகைச்சுவைப் படத்துக்குள் நுழைவது எப்படி?

நாலு நண்பர்கள். ஒருவர் விமானி, ஒருவர் சொந்தமாக உணவகம் நடத்தும் சமையல் கலைஞர், ஒருவர் தொலைக்காட்சித் தயாரிப்பாளர், இன்னொருவர் நீதிபதி. எல்லாருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. காசுக்குக் குறைவில்லை. பாரிஸில் நீதிபதியின் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய பங்களா ஒன்றில் கூடுகிறார்கள். லாரியில் இறைச்சி வந்து இறங்குகிறது. சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், மறுபடி சமைக்கிறார்கள், மறுபடி சாப்பிடுகிறார்கள். செத்துப்போகும்வரை சாப்பிடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். அப்படியே ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

இத்தாலிய இயக்குநர் மார்கோ ஃபெரேரி 1973இல் பிரெஞ்சு மொழியில் எடுத்த ‘லா கிராந்த் பூஃப்’ படத்தின் கதை இவ்வளவுதான். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று வருத்தப்பட வேண்டாம். இது எங்கே போகிறது என்பது படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். கதையில் மர்மம் எதுவும் இல்லை. மர்மம் முழுக்க நம் எதிர்வினையில்தான் இருக்கிறது. சிரிக்கிறோம், அடுத்த நொடியே ஏன் சிரித்தோம் என்று சங்கடப்படுகிறோம், அப்புறம் மறுபடியும் சிரிக்கிறோம். அந்தச் சங்கடத்துக்குத்தான் கருப்பு நகைச்சுவை என்று பெயர். டார்க் காமெடி என்று நாம் தினமும் சொல்கிற அதே சொல்தான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இந்தப் படத்தைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். பிரெஞ்சில் ‘பூஃப்’ என்பது உணவைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல். விருந்து, ஆகாரம் என்ற கௌரவமெல்லாம் அதற்குக் கிடையாது. தமிழில் அதற்கு நேராக ஒரு சொல் இருக்கிறது: தீனி. மாட்டுக்கு வைப்பது தீனி, மனிதருக்குப் போடுவது சாப்பாடு. மனிதர் சாப்பிடுவதையே தீனி என்று சொல்லும்போது அதில் ஒரு இளப்பம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இந்தப் படத்தைப் ‘பெருந்தீனி’ என்று தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட எல்லாமே வந்துவிடும். ஒன்று மட்டும் விடுபடும். வேடிக்கையான இசை நாடகத்தைப் பிரெஞ்சில் ‘ஓப்பெரா பூஃப்’ என்பார்கள். அதனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதே ஒரு கோமாளித்தனத்தின் எதிரொலியும் கேட்கும். தின்பதும் கூத்தடிப்பதும் ஒரே ஒலியில். படத்தின் சுபாவம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

சரி, கருப்பு நகைச்சுவை என்றால் என்ன? சாவு, நோய், பிணம், பஞ்சம் என்று, சிரிக்கக் கூடாது என்று நாம் பழகி வைத்திருக்கும் விஷயங்களை வைத்துச் சிரிக்க வைப்பது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி விளக்கம்தான். பிணத்தைக் காட்டிக் கிச்சுகிச்சு மூட்டுகிற படங்கள் நிறைய உண்டு, அவற்றை எல்லாம் இதில் சேர்க்க முடியாது. மீதிப் பாதி, சொல்கிற முறையில் இருக்கிறது. சொல்கிறவர் முகத்தில் சிரிப்பே இருக்கக் கூடாது. பயங்கரமான ஒன்றை அன்றாட வேலை மாதிரி, ஒழுங்காக, அக்கறையாக, நுணுக்கமாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும்.

இதன் மூலவடிவம் என்று பலரும் காட்டுவது 1729இல் வந்த ஒரு சிறு துண்டுப்பிரசுரத்தை. எழுதியவர் ஐரிஷ் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட். அயர்லாந்தில் வறுமை தலைவிரித்தாடிய காலம். ஏழைகள் தங்கள் ஒரு வயதுக் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்றுவிட்டால் நாட்டின் பிரச்சினை தீரும் என்று ஒரு பொருளாதார நிபுணரின் குரலில் அதில் யோசனை சொல்கிறார். வளர்க்க எவ்வளவு செலவு, விற்றால் எவ்வளவு லாபம், வேகவைக்கலாமா, வறுக்கலாமா என்பது வரை கணக்கு. கோபமோ கண்ணீரோ ஒரு வரியிலும் இல்லை. ஏழைகளைப் பற்றிய அன்றைய ஆட்சியாளர்களின் பேச்சு எவ்வளவு கல்நெஞ்சமானது என்பதைக் கத்திச் சொல்லியிருந்தால் கூட இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது. பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1940இல் கருப்பு நகைச்சுவைக்கென்றே ஒரு தொகைநூல் கொண்டுவந்தபோது ஸ்விஃப்டைத்தான் முதல் ஆளாக வைத்தார். அதன் பிறகுதான் இந்தப் பெயரே பரவலானது.

ஃபெரேரி இந்த வித்தையைக் கற்றது ஸ்பெயினில். 1950களின் கடைசியில் மாட்ரிட்டில் ரஃபாயெல் அஸ்கோனா என்ற எழுத்தாளரோடு சேர்ந்து படம் எடுக்க ஆரம்பித்தார். ஃபிராங்கோவின் சர்வாதிகாரம், கடுமையான தணிக்கை, வீட்டுக்கு வீடு பற்றாக்குறை. நேராக எதையும் சொல்ல முடியாத இடத்தில் கருப்பு நகைச்சுவைதான் பேசும் வழியாக இருந்தது. 1960இல் அவர்கள் எடுத்த ஒரு படத்தில் நன்றாக நடக்க முடிந்த ஒரு முதியவர், தன் மாற்றுத்திறனாளி நண்பர்களிடம் இருப்பது போன்ற மோட்டார் வைத்த சக்கர வண்டி தனக்கும் வேண்டும் என்று ஏங்குகிறார். அது இருந்தால்தான் அவர்களோடு ஊர்சுற்றப் போக முடியும். அந்த ஏக்கம் கடைசியில் குடும்பத்துக்கே விஷம் வைக்கும் அளவுக்குப் போகிறது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை, தனிமையில் இருப்பவர். ‘பெருந்தீனி’யின் திரைக்கதையும் இதே இருவர் எழுதியதுதான். அந்த நாலு நண்பர்களும் ஒருவகையில் அந்தக் கிழவரின் வாரிசுகள். ஒரு வித்தியாசம், இவர்களிடம் எல்லாமே இருக்கிறது.

இப்போது ஒரு காட்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பங்களாவின் தோட்டம். இறைச்சி லாரி வந்து நிற்கிறது. காட்டுப்பன்றி, மான், ஆட்டுக்குட்டி, கோழி என்று ஒவ்வொன்றும் இறங்குகிறது. ஒவ்வொன்றையும் பிறந்த ஊர், வளர்ந்த புல்வெளி, இனம் எல்லாம் சொல்லி அறிவிக்கிறார்கள். அரண்மனை விருந்துக்கு வரும் பிரபுக்களை வாசலில் நின்று பெயர் சொல்லி வரவேற்பது மாதிரியே இருக்கும். நண்பர்கள் ஒவ்வொரு உடலையும் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். மாட்டுத் தலையை ஒருவர் கையில் ஏந்தி நாடக நடிகர் மாதிரி வசனம் பேசுகிறார். எல்லாரும் குதூகலமாக இருக்கிறார்கள். நாமும் சிரிக்கிறோம். இன்னும் சில நாட்களில் இவர்களையும் இப்படித்தான் யாராவது தூக்க வேண்டியிருக்கும் என்பது அப்போது நமக்கு உறைப்பதில்லை. பிறகு விமானியின் உடலை நண்பர்கள் அதே வீட்டின் குளிர் அறையில் கொண்டுபோய் உட்கார வைக்கும்போதுதான் தோட்டத்துக் காட்சி திரும்ப நினைவுக்கு வருகிறது. வயிற்றுக்குப் போகும் உடலும் சாப்பிடும் உடலும் ஒரே குளிரில். இயக்குநர் அதைச் சுட்டிக்காட்டுவதே இல்லை. சமையல் நடக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிணம் தெரிந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது அந்த நாலு பேரின் நடத்தை. அவர்கள் பேராசைக்காரர்கள் போல அள்ளிக் கொட்டிக்கொள்வதில்லை. ஒருவருக்கொருவர் பரிமாறுகிறார்கள். பக்குவம் பார்க்கிறார்கள், சுவையைப் பாராட்டுகிறார்கள், ஒருவர் துவண்டால் மற்றவர் தாங்கிப் பிடிக்கிறார். “இன்னும் கொஞ்சம் சாப்பிடு” என்று அன்பாகச் சொல்கிறார்கள். அம்மா சொல்கிற அதே சொல்தான். அந்த அன்பு உண்மையானது என்பதுதான் அடிவயிற்றைக் கலக்குகிறது. இவர்கள் அருவருப்பான மனிதர்களாக இருந்திருந்தால் நாம் எளிதாகத் தப்பித்திருப்போம்.

நடிகர்களின் தேர்வும் அப்படித்தான். நாலு பேரும் அன்றைய ஐரோப்பியத் திரையின் பெரிய முகங்கள். பாத்திரங்களுக்குத் தனிப் பெயர் கூட வைக்கவில்லை, நடிகர்களின் சொந்தப் பெயர்களே. மார்செல்லோ மாஸ்ட்ரோயானி என்றால் அன்று பெண்கள் மயங்கும் இத்தாலிய அழகன். இந்தப் படத்தில் விமானி மார்செல்லோ அந்தப் புகழைச் சுமந்துகொண்டே வந்து, படுக்கையில் தோற்று, அவமானத்தில் நள்ளிரவில் பழைய புகாட்டி காரில் ஏறி வெளியேறப் பார்த்து, பனியில் உறைந்து சாகிறார். ஊகோ டோன்யாட்ஸி நிஜ வாழ்க்கையிலும் சமையல் பித்தர், சமையல் புத்தகம் எழுதியவர். மிஷேல் பிக்கோலி நாகரிகமும் நளினமும் கலந்த பிரெஞ்சு நடிகர். படத்தில் பாலே பயிற்சி செய்கிறார், பியானோ வாசிக்கிறார். வாயு தாங்க முடியாமல் வயிறு வெடிக்கும் நிலையில்தான் அவருக்குச் சாவு வருகிறது. ஃபிலிப் நுவாரேயை ‘சினிமா பாரடைசோ’வில் படம் ஓட்டும் ஆல்ஃப்ரெடோ தாத்தாவாக நம்மில் பலர் பார்த்திருப்போம். இங்கே அவர் நீதிபதி. வளர்ந்த பிறகும் தன்னை வளர்த்த செவிலித்தாயின் பிடியிலிருந்து விடுபடாதவர், நீரிழிவு நோயாளி, கடைசியாகச் சாகிறவர்.

டோன்யாட்ஸியின் கடைசிச் சமையலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்னைப் பொறுத்தவரை படத்தின் உச்சம் அதுதான். ஈரல் பசையை அடுக்கடுக்காகப் பூசி, தேவாலயத்துக் கோபுரம் போல ஒரு குவிமாடம் கட்டுகிறார் ஊகோ. மேலே அவித்த முட்டைத் துண்டுகளால் அலங்காரம். ஒரு சிற்பிக்கு இருக்கும் பொறுமை அந்த விரல்களில் இருக்கிறது. மேசைக்குக் கொண்டுவந்து வைக்கிறார். மீதியிருப்பவர்களால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. தான் செய்ததை யாரும் சாப்பிடவில்லை என்றால் சமைத்தவருக்கு எப்படி இருக்கும் என்று வீட்டில் ஒரு நாளாவது அடுப்படியில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்த வருத்தத்தை முகத்தில் வைத்துக்கொண்டே முழுவதையும் தானே சாப்பிட ஆரம்பிக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே சமையலறை மேசையில் சாய்கிறார். நண்பர் கரண்டியால் ஊட்டுகிறார், கூட இருக்கும் பெண் அவரை வருடிக்கொடுக்கிறாள். அப்படியே போய்விடுகிறார். இதில் எங்கே சிரிப்பு, எங்கே துக்கம் என்று பிரித்துக்காட்ட எனக்குத் தெரியவில்லை. பிரிக்க முடியாமல் போவதுதான் கருப்பு நகைச்சுவையின் நல்ல தருணம்.

அந்தப் பெண் ஆந்த்ரேயா. பள்ளி ஆசிரியை. அந்தத் தோட்டத்தில் ஒரு பழைய மரம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் புவாலோ அதன் நிழலில் உட்கார்ந்ததாகப் பேச்சு. அதைக் காட்டுவதற்காகப் பிள்ளைகளை அழைத்து வருகிறாள், பிறகு விருந்துக்கு அழைக்கப்பட்டுத் தங்கிவிடுகிறாள். நண்பர்கள் கூலிக்குக் கூட்டி வந்த பெண்கள் மூவரும் இந்தக் கூத்தைச் சகிக்க முடியாமல் ஓடிவிடுகிறார்கள். ஆந்த்ரேயா மட்டும் எல்லாரோடும் சாப்பிடுகிறாள், எல்லாரையும் அணைத்துக்கொள்கிறாள், அவர்கள் சாவதற்குக் கூட நின்று உதவுகிறாள். அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவள் தாயா, காலனா என்று விமர்சகர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் பார்த்தவரை அவளுக்கும் ஆண்களுக்கும் ஒரே வித்தியாசம், அவள் ஆசைப்பட்டுச் சாப்பிடுகிறாள். பசி, ருசி, அணைப்பு எல்லாம் அவளுக்கு இன்னும் வேலை செய்கின்றன. ஆண்களுக்குப் பசி என்ற ஒன்றே இல்லை. ஆந்த்ரேயா ஃபெரேயோல் என்ற இளம் நடிகை இந்தப் பாத்திரத்தில் நாலு ஜாம்பவான்களையும் ஓரங்கட்டுகிறார்.

பசி இல்லாத சாப்பாடு. படம் மிதமிஞ்சிய நுகர்வைப் பற்றிப் பேசுகிறது என்று எல்லாரும் சொல்வதன் உள்ளர்த்தம் இதுதான். ஐரோப்பாவில் பெருவிருந்து என்பது பழைய மரபு. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே விரதமும் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குமுன் கார்னிவல் வைத்து, குடித்து, தின்று, ஆடித் தீர்ப்பார்கள். மறுநாள் சாம்பல் புதன், இறைச்சிக்கு முழுக்கு. பீட்டர் புரூகல் 1559இல் வரைந்த ஓவியம் ஒன்றில் இந்த இரண்டும் ஊர்ச் சதுக்கத்தில் மோதிக்கொள்ளும். ஒரு பக்கம் பீப்பாயின் மேல் உட்கார்ந்த தொப்பை மனிதர், எதிரே காய்ந்துபோன தவக்கால உருவம், அது கையில் பிடித்திருக்கும் துடுப்பு போன்ற கட்டையில் ரெண்டே ரெண்டு மீன். ஒன்று மற்றொன்றுக்கு எல்லை வைத்தது. நாளைக்குக் கிடையாது என்பதால்தான் இன்றைய இறைச்சிக்கு ருசி.

ஃபெரேரியின் நண்பர்களுக்குச் சாம்பல் புதனே கிடையாது. அவர்கள் எந்தப் பண்டிகைக்காகவும் கூடவில்லை. அவர்கள் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். அந்த நடிகர்கள் 1922க்கும் 1930க்கும் இடையில் பிறந்தவர்கள். பிரான்சில் 1940இல் ரேஷன் வந்து 1949 வரை நீடித்தது. கூப்பனுக்கு ரொட்டி வாங்கி வளர்ந்த தலைமுறை. போர் முடிந்த பிறகு கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் பொருளாதாரம் ஏறிக்கொண்டே போனது. 1963இல் பாரிஸுக்கு வெளியே பிரான்சின் முதல் ஹைப்பர்மார்க்கெட் திறந்தது. இறைச்சியும் சோப்பும் சட்டையும் ஒரே கூரையின் கீழ், கார் நிறுத்த விசாலமான இடம். பஞ்சம் பார்த்த வயிறு பெருக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது, எதை எங்கே நிறுத்துவது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. படம் 1973 மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கச்சா எண்ணெய் நெருக்கடி தொடங்கி அந்த ஏறுமுகமும் முடிவுக்கு வந்தது. அதே மாதம்தான் கோ, மியோ என்ற இரண்டு பிரெஞ்சு உணவு விமர்சகர்கள், கனத்த குழம்புகளை ஓரங்கட்டி எளிமையாகச் சமைக்க வேண்டும் என்று ‘புதிய சமையல்’ அறிக்கையை வெளியிட்டார்கள். படத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் வயிறு நிரம்பித் திணறிய ஒரு சமூகத்தின் மூச்சு ரெண்டிலுமே கேட்கிறது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் வழக்கமாக ஒரு இடத்தில் வழுக்கிவிடுவார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதுதானே கருத்து என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பழமொழி அளவு தெரியாமல் உண்பவரை எச்சரிக்கிறது. இவர்களுக்கு அளவு நன்றாகத் தெரியும், தெரிந்தேதான் தாண்டுகிறார்கள். இவர்கள் ஏன் சாக நினைக்கிறார்கள் என்று படம் ஒரு இடத்திலும் சொல்வதில்லை. கடன் இல்லை, சாவை நெருங்க வைக்கும் நோயோடு வந்தவர் எவரும் இல்லை. கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் தனிமை, அவ்வளவுதான் தெரிகிறது. காரணம் சொல்லியிருந்தால் அது ஒரு சோகக்கதை ஆகியிருக்கும், நாமும் அனுதாபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். காரணத்தை எடுத்துவிட்டதால் அவர்கள் செய்வது பைத்தியக்காரத்தனமாகவும், அதே நேரம் எங்கேயோ பார்த்த விஷயமாகவும் தெரிகிறது. தேவையே இல்லாமல் இன்னொன்று வாங்கிய நாள், வயிறு நிறைந்த பிறகும் தட்டில் கை போன நாள் எல்லாருக்கும் உண்டு.

இதற்கு முந்தைய ஆண்டு, 1972இல், ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் புனுவெல் எடுத்த ‘பூர்ஷ்வாக்களின் அடக்கமான வசீகரம்’ என்ற படத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அதில் வசதியான நண்பர்கள் சிலர் விருந்துக்கு உட்கார்கிறார்கள், ஒவ்வொரு முறையும் ஏதாவது குறுக்கே வந்து சாப்பிட முடியாமல் போகிறது. ஃபெரேரியின் நண்பர்களால் நிறுத்த முடியவில்லை, புனுவெலின் நண்பர்களால் தொடங்கவே முடியவில்லை. ரெண்டு படத்திலும் மேசையும் வர்க்கமும் நாகரிகமும் ஒன்றேதான். பிக்கோலி அந்தப் படத்திலும் ஒரு சிறு வேடத்தில் வருகிறார். புனுவெல் கனவு மாதிரி மெல்லமாகச் சீண்டுவார், ஃபெரேரி உடம்பைப் பிடித்து உலுக்குவார். எது பிடிக்கும் என்பது அவரவர் மனசு. எனக்கு உடம்பின் பக்கம் நிற்கிற ஃபெரேரியைத்தான் கூடுதலாகப் பிடிக்கும், ஏனென்றால் அதிலிருந்து தப்பித்து யோசனைக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

கான் விழாவில் படம் பெரிய கலவரத்தைக் கிளப்பியது. கூச்சல், விசில், கோபமான கட்டுரைகள். ஆனாலும் சர்வதேசத் திரைப்பட விமர்சகர் கூட்டமைப்பின் பரிசைப் பகிர்ந்துகொண்டது, பிரெஞ்சுத் திரையரங்குகளில் கூட்டமும் நன்றாக வந்தது. இன்று நம் கண்ணுக்கு அந்த அளவு அதிர்ச்சி இருக்காது. ஆனால் வயதுவந்தோருக்கான படம் என்பதில் மாற்றமில்லை. நிர்வாணம் உண்டு. கழிவறைக் குழாய் வெடித்து வீடே நாறும் காட்சி உண்டு. சாப்பிட்ட கையோடு உட்கார வேண்டாம், ரொம்பப் பசியோடும் வேண்டாம். ரெண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும், நடுவே நிறுத்தாமல் பார்ப்பது நல்லது. சலிப்புத் தட்டும், அது இருக்க வேண்டிய சலிப்புதான். முதல் அரை மணி நேரத்தில் நாக்கில் எச்சில் ஊறிய அதே உணவைக் கடைசி அரை மணி நேரத்தில் பார்க்கவே பிடிக்காமல் போகும். திரையில் சமையலின் தரம் கொஞ்சமும் குறைவதில்லை, மாறுவது நம் வயிறுதான்.

ஃபிலிப் சார்த் அமைத்த இசையையும் கவனியுங்கள். மெதுவான, ஏக்கமான ஒரே மெட்டு. மிஷேல் பியானோவில் வாசிப்பதும் அதுவே. திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் இழவு வீட்டுப் பாட்டு மாதிரி ஆகிவிடும்.

கடைசியில் நீதிபதி ஃபிலிப் தோட்டத்து மரத்தடியில், ஆந்த்ரேயா செய்து கொடுத்த இனிப்பைச் சாப்பிட்டபடி அவள் மடியில் சாய்கிறார். சர்க்கரை நோயாளிக்கு இனிப்பால் சாவு. அதே நேரத்தில் இறைச்சிக்காரர்கள் இன்னொரு லாரி சரக்கோடு வந்து நிற்கிறார்கள். எங்கே வைப்பது என்று கேட்கிறார்கள். தோட்டத்திலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டு ஆந்த்ரேயா உள்ளே போகிறாள். மரங்களுக்கு நடுவே முழு முழு இறைச்சி உடல்கள், சுற்றி எங்கிருந்தோ வந்த நாய்கள். அந்தக் காட்சியில் சிரிப்பு வருகிறதா, வராதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். நான் ரெண்டு முறை பார்த்தேன். முதல் முறை வந்தது, இரண்டாம் முறை வரவில்லை.